4.1க்கும் 3.8க்கும் நடுவில் ஒருவருடைய போனஸ்

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் அப்பா இரண்டு சைவ உணவகங்கள் நடத்துகிறார். ஒன்று லிட்டில் இந்தியாவில், இன்னொன்று உட்லண்ட்ஸில். நான் வேலை பார்த்துக்கொண்டே வணிக நிர்வாகப் பட்டம் படிக்கிறேன். கடைசி ஆண்டு ஆய்வுக்கு எங்கள் கடைகளின் வாடிக்கையாளர் திருப்தியையே எடுத்துக்கொண்டேன். "எங்கள் உணவும் சேவையும் உங்களுக்குத் திருப்தியாக உள்ளனவா?" என்று கேட்டு, 1 முதல் 5 வரை எண் போடச் சொன்னேன். லிட்டில் இந்தியா கடையில் 60 பேர், சராசரி 4.1. உட்லண்ட்ஸில் 48 பேர், சராசரி 3.8. இதைப் பார்த்த அப்பா, உட்லண்ட்ஸ் மேற்பார்வையாளரின் ஆண்டிறுதி போனஸைக் குறைக்கப்போவதாகச் சொல்கிறார். என் ஆய்வு வழிகாட்டியோ, "இது எந்த வகை அளவுகோல்? நம்பகத்தன்மை எங்கே? ஏற்புடைமை எங்கே?" என்று ஓரத்தில் எழுதி அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார். சராசரி எடுத்ததே தப்பா? எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்? சுவை, விலை, சுத்தம், வேகம், ஊழியர் நடத்தை ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று கேட்டதற்கும் பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிட்டார்கள். எக்செல் கோப்பு, படிவம், எப்படிச் சேகரித்தேன் என்ற குறிப்பு மூன்றையும் இணைத்திருக்கிறேன். வழி சொல்லுங்கள். - உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தம்பி, ஆய்வறிக்கையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அப்பாவிடம் போய், போனஸ் முடிவை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய கோப்பை முழுதாகப் பார்த்தேன். அந்த மேற்பார்வையாளர் நன்றாக வேலை செய்கிறார் என்றோ மோசமாகச் செய்கிறார் என்றோ சொல்ல அதில் ஆதாரம் எதுவும் இல்லை. ஒருவருடைய வருமானம் சம்பந்தப்பட்டது என்பதால் இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

சராசரியை ஒதுக்கிவைத்துவிட்டு, யார் யார் என்ன எண் போட்டார்கள் என்று பாருங்கள். லிட்டில் இந்தியாவில் 16 பேர் 5 போட்டிருக்கிறார்கள், 36 பேர் 4, ஏழு பேர் 3, ஒரே ஒருவர் 2. உட்லண்ட்ஸில் 22 பேர் 5, 11 பேர் 4, மூன்று பேர் 3, எட்டுப் பேர் 2, நான்கு பேர் 1. இரண்டு கடைக்கும் இடைநிலை எண் 4தான். அதாவது எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தால் நடுவில் நிற்பவர் இரு கடையிலும் 4 போட்டவர். முழுத் திருப்தி என்று 5 போட்டவர்கள் உட்லண்ட்ஸில் கிட்டத்தட்ட 46 விழுக்காடு, லிட்டில் இந்தியாவில் 27 விழுக்காடுதான். அதே உட்லண்ட்ஸில் நாலில் ஒருவர் 1 அல்லது 2 போட்டிருக்கிறார்.

ஆக, உட்லண்ட்ஸ் கடை "கொஞ்சம் குறைவான" கடை இல்லை. அங்கே இரண்டு விதமான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒரு கூட்டம் மிகவும் சந்தோஷமாகப் போகிறது, இன்னொரு கூட்டம் கோபமாகப் போகிறது. இரண்டையும் சேர்த்து 3.8 ஆக்கியபோது இரண்டுமே மறைந்துவிட்டன. உங்கள் கோப்பிலேயே "இங்கே சாப்பிட்டவர் / பொட்டலம் வாங்கியவர்" என்று ஒரு பத்தி இருக்கிறது. 1, 2 போட்ட 12 பேரில் 9 பேர் பொட்டலம் வாங்கியவர்கள். 5 போட்ட 22 பேரில் 19 பேர் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். எண்ணிக்கை சிறியது என்பதால் இதை முடிவாக எடுக்க வேண்டாம். ஆனால் போய்த் தேட வேண்டிய இடம் எது என்று இது காட்டுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் தபாவ், அதாவது பொட்டலம், வாங்க நிற்கும் வரிசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, நீங்கள் சேகரித்த விதம். உங்கள் வழிகாட்டி இந்தக் குறிப்பைப் பார்த்திருந்தால் ஓரத்தில் இன்னும் இரண்டு வரி எழுதியிருப்பார். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லாவில் இருக்கும் உங்கள் சித்தப்பா கையாலேயே படிவத்தைக் கொடுத்து, நிரப்பியதும் அவரே வாங்கியிருக்கிறார். உட்லண்ட்ஸில் வார நாள் மாலையில், கல்லாவில் ஒட்டிய கியூஆர் குறியீட்டை அவரவர் கைப்பேசியில் தட்டிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பல வருடமாகப் பழகிய மனிதர் எதிரில் நிற்கும்போது யார் 2 போடுவார்கள்? மனசில் 3 இருந்தாலும் கை 4ஐத்தான் வட்டமிடும். அந்தப் பக்கமோ, கியூஆர் குறியீட்டைத் தேடிப் போய்த் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் மிகவும் பிடித்தவர்கள் அல்லது கடுப்பானவர்கள். சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் கைப்பேசியை எடுப்பதில்லை. லிட்டில் இந்தியாவில் எல்லாம் 4ஐச் சுற்றிக் குவிந்ததற்கும், உட்லண்ட்ஸில் இரு ஓரங்களில் குவிந்ததற்கும் இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

இதற்கு ஆய்வில் முறைசார் பிழை என்று பெயர். தற்செயல் பிழை என்று இன்னொன்று உண்டு: ஒருவருக்கு அன்று தலைவலி, ஒருவர் அவசரத்தில் தவறாகத் தட்டினார், இப்படி. அது மேலேயும் போகும், கீழேயும் போகும், நிறையப் பேரைக் கேட்டால் ஒன்றையொன்று ஓரளவு சமன்செய்துவிடும். முறைசார் பிழை எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். 60 பேருக்குப் பதில் 600 பேரைக் கேட்டாலும் சித்தப்பா அங்கேயே நின்றால் அது குறையாது. "இன்னும் நிறையப் பேரைக் கேட்டால் சரியாகிவிடுமா" என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது, எந்தப் பிழை அது என்பதைத்தான்.

இந்தச் சிக்கலை எல்லாம் மறந்துவிட்டு, 0.3 வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அது நிற்காது. உங்கள் எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்த வித்தியாசத்தின் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை, ஏறக்குறைய கழித்தல் 0.1இலிருந்து 0.7 வரை போகிறது. பூஜ்ஜியம் அதற்குள் இருக்கிறது. அதாவது இரண்டு கடைக்கும் வித்தியாசமே இல்லை என்ற சாத்தியத்தை உங்கள் தரவு தள்ளவில்லை.

சரி, இப்போது வழிகாட்டியின் முதல் கேள்வி: எந்த வகை அளவுகோல்?

ஹார்வர்ட் உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பிரிவு இது. விதிப்படி எண் இடுவதே அளத்தல், எந்த விதிப்படி இட்டோமோ அதைப் பொறுத்தே அந்த எண்ணை வைத்து என்ன செய்யலாம் என்பது அமையும் என்றார். அவர் சொன்னது நான்கு வகை. அவற்றில் இரண்டு உங்கள் படிவத்தில் தெளிவாகவே இருக்கின்றன. பணம் செலுத்திய விதத்துக்கு ரொக்கம் 1, நெட்ஸ் 2, பேநவ் 3 என்று எண் கொடுத்திருக்கிறீர்கள். இது பெயரளவு அளவுகோல். எண் இங்கே வெறும் அடையாளம். எக்செல் அந்தப் பத்திக்கும் 2.1 என்று சராசரி போட்டுக் கொடுத்திருக்கிறது, நீங்களும் அட்டவணையில் சேர்த்துவிட்டீர்கள். அதை எடுத்துவிட்டு, எத்தனை பேர் எப்படிச் செலுத்தினார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் போடுங்கள். எவ்வளவு அடிக்கடி வருவீர்கள் என்பதற்கு முதல்முறை 1, மாதம் ஒருமுறை 2, வாரம் ஒருமுறை 3, தினமும் 4 என்று கொடுத்திருக்கிறீர்கள். இதில் வரிசை இருக்கிறது, இடைவெளி சமமில்லை. இது தரவரிசை அளவுகோல். இதன் சராசரி 2.6 என்று எழுதினால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

இந்த இரண்டாவது கேள்வியை நீங்கள் வீணாகக் கீழே இறக்கிவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். "கடந்த 30 நாட்களில் எங்கள் கடையில் எத்தனை முறை சாப்பிட்டீர்கள் அல்லது வாங்கினீர்கள்?" என்று கேட்டு ஒரு கட்டம் விட்டிருந்தால் விகித அளவுகோலே கிடைத்திருக்கும். அதில் பூஜ்ஜியம் என்றால் உண்மையிலேயே பூஜ்ஜியம். எட்டு முறை வந்தவர் நான்கு முறை வந்தவரைவிட இரண்டு மடங்கு வந்திருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். படிகள் சமமாக இருந்தும் உண்மையான பூஜ்ஜியம் இல்லாத இடைவெளி அளவுகோலில் அப்படிச் சொல்ல முடியாது. 32 டிகிரி செல்சியஸ் வெயில், 16 டிகிரி குளிரூட்டியைவிட இரண்டு மடங்கு சூடு ஆகாது, ஏனென்றால் அந்தப் பூஜ்ஜியம் நாம் வைத்துக்கொண்டது. விரிவாகக் கிடைக்கும் தகவலை விரிவாகவே வாங்குங்கள். பிறகு வேண்டுமானால் தொகுதிகளாகச் சுருக்கலாம். சுருக்கி வாங்கியதைப் பிறகு விரிக்க வழியில்லை.

1 முதல் 5 வரை போடும் திருப்தி எண் எந்த வகை என்பதுதான் பெரிய சண்டை. கண்டிப்பாகப் பார்த்தால் அது தரவரிசை. 2இலிருந்து 3க்குப் போகும் தூரமும் 4இலிருந்து 5க்குப் போகும் தூரமும் ஒருவர் மனசில் ஒன்றுதான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சிங்கப்பூரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. 2021இலிருந்து பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் அடைவுநிலை 1 முதல் 8 வரை வருகின்றன. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் 1. 85 முதல் 89 வரை 2. ஐந்து மதிப்பெண்தான் அந்தப் படியின் அகலம். கீழே வந்தால் 45 முதல் 64 வரை மொத்தமும் 6, 20 முதல் 44 வரை மொத்தமும் 7. 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மதிப்பெண்ணாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். 6க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மதிப்பெண்ணாகவும் இருக்கலாம், 44ஆகவும் இருக்கலாம். ஆனாலும் நான்கு பாடத்தின் அடைவுநிலைகளையும் கூட்டி, 4இலிருந்து 32 வரை ஒரு மொத்தம் வருகிறது, அதை வைத்து உயர்நிலைப் பள்ளி கிடைக்கிறது. படிகள் சமமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தும், கூட்டலாம் என்று விதி வைத்துத்தான் கூட்டுகிறார்கள். அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது, எல்லாருக்கும் ஒன்று, எதற்காக அந்த மொத்தம் பயன்படும் என்பதும் தெளிவு. உங்கள் 4.1இல் இந்த மூன்றும் இல்லை.

"சராசரி எடுத்ததே தப்பா?" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: எடுக்கலாம், ஆனால் அதை மட்டும் தனியாகக் காட்டக் கூடாது. ஸ்டீவன்ஸ் வழியில் போகிறவர்கள் தரவரிசை எண்ணுக்குச் சராசரி கூடாது என்பார்கள். 1953இல் ஃபிரெடெரிக் லார்ட் என்ற அளவியல் அறிஞர், விளையாட்டு வீரர்களின் சட்டை எண்களையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, அவற்றுக்குக்கூடச் சராசரி போட்டுப் பயனுள்ள ஒரு கேள்விக்குப் பதில் காண முடியும் என்று காட்டினார். விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. வேலை செய்கிற ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் நடுவழியில் போகிறோம். பல கேள்விகளைக் கூட்டி வரும் மொத்தத்தை இடைவெளி அளவுகோல் போல் நடத்துகிறோம். ஒற்றைக் கேள்வி என்றால் பரவலையும் (எத்தனை பேர் எந்த எண் போட்டார்கள் என்பது) இடைநிலையையும் காட்டிவிட்டுத்தான் சராசரியைச் சொல்கிறோம். உங்கள் அறிக்கையிலும் அப்படியே செய்யுங்கள். எந்த அனுமானத்தில் சராசரி எடுத்தீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். வழிகாட்டி தேடுவது அந்த வாக்கியத்தைத்தான்.

இனி உங்கள் கேள்வியையே பார்ப்போம். "உணவும் சேவையும் திருப்தியாக உள்ளனவா?" சாம்பார் பிரமாதம், ஆனால் இருபது நிமிடம் காத்திருந்தேன் என்கிறவர் என்ன எண் போடுவார்? ஒருவர் சாம்பாரை நினைத்து 5 போடுவார், ஒருவர் காத்திருந்ததை நினைத்து 2 போடுவார், ஒருவர் இரண்டையும் கலந்து 3 போடுவார். மூன்று பேருக்கும் நடந்தது ஒன்றுதான். இரட்டைக் கேள்வியில் வரும் பதிலை என்ன புள்ளியியல் போட்டாலும் பிரித்தெடுக்க முடியாது.

அறிக்கையில் இதை "லைக்கர்ட் அளவுகோல்" என்று எழுதியிருக்கிறீர்கள். ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் சொன்னது, ஒரே மனப்பான்மையைப் பல வாக்கியங்களால் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்ளும் அளவைக் கேட்டு, கடைசியில் கூட்டுவது. ஐந்து கட்டம் உள்ள ஒற்றைக் கேள்வி அதில் ஒரு உறுப்பு மட்டும்தான். அதற்குத் தரமதிப்பீட்டு வினா என்று எழுதினால் போதும்.

ஒட்டுமொத்தத் திருப்தியை அளக்க மூன்று நான்கு வாக்கியங்கள் வைக்கலாம். "மொத்தத்தில் இந்தக் கடையில் எனக்குத் திருப்தி." "நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது." "ஒரு நல்ல சைவ உணவகம் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேனோ, அதற்கு இது அருகில் இருக்கிறது." "இன்று இங்கே வந்ததற்குப் பதில் வேறு கடைக்குப் போயிருக்கலாம்." முதல் மூன்றும் நானாகக் கண்டுபிடித்தவை இல்லை. 1994இல் தொடங்கிய அமெரிக்க வாடிக்கையாளர் திருப்திக் குறியீடு இந்த மூன்று கோணத்தில்தான் கேட்கிறது: மொத்தத் திருப்தி, எதிர்பார்ப்புடன் ஒப்பீடு, இலட்சியத்துடன் ஒப்பீடு. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சேவை உன்னதக் கழகம் வெளியிடும் சிங்கப்பூர் குறியீடும் அந்த வழியில் வந்து, முடிவை 0 முதல் 100 வரையிலான எண்ணாகச் சொல்கிறது. நான்காவது வாக்கியம் தலைகீழாக எழுதப்பட்டது. எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்று தட்டிக்கொண்டே போகிறவரை அது காட்டிக்கொடுக்கும். ஐந்து புள்ளி அளவுகோல் என்றால், கூட்டும் முன் அந்த எண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்பிக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு, நம்பகத்தன்மை குறைவாக வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவர்களை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன்.

நம்பகத்தன்மை என்பது அளவுகோல் முன்னுக்குப் பின் முரணில்லாமல் ஒரே மாதிரி அளக்கிறதா என்ற கேள்வி. அதற்கு எல்லாரும் போடுவது லீ குரோன்பாக் 1951இல் விளக்கிய ஆல்ஃபா. அந்த எண் 0.7க்கு மேல் வந்தால் போதும் என்று கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். போடுங்கள், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்து போடுங்கள். வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன, எத்தனை வாக்கியங்கள் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துத்தான் அந்த எண் வருகிறது. வாக்கியங்களுக்கு இடையே சராசரி ஒட்டுறவு, அதாவது சேர்ந்து நகரும் அளவு, 0.4 என்று வையுங்கள். இரண்டு வாக்கியம் இருந்தால் ஆல்ஃபா 0.57. நான்கு இருந்தால் 0.73. எட்டு இருந்தால் 0.84. கேள்விகளின் தரம் மாறவே இல்லை, எண் மட்டும் ஏறிவிட்டது. ஒரே விஷயத்தை எட்டு விதமாகக் கேட்டு 0.9 வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வாடிக்கையாளர் பாவம், மூன்றாவது கேள்வியிலேயே அலுத்துப்போயிருப்பார்.

இன்னொரு இடத்தில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சுவை, விலை, சுத்தம், வேகம், ஊழியர் நடத்தை ஐந்தையும் கூட்டி ஆல்ஃபா போட வேண்டாம். இவை ஒரே உணர்வின் ஐந்து வெளிப்பாடுகள் அல்ல, ஐந்து தனித்தனி விஷயங்கள். மேசை சுத்தமாக இருப்பதால் தோசை சீக்கிரம் வந்துவிடாது. இவை சேர்ந்து நகராமல் ஆல்ஃபா 0.4 வந்தால் கேள்வி கெட்டது என்று அர்த்தமில்லை. தனித்தனியாக வைத்து, தனித்தனியாகச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் அதுதான் பயன்படும். "திருப்தி 3.8" என்று கேட்டு அவர் எதைத் திருத்துவார்?

வேகத்தைப் பற்றி ஒன்று. அதற்கு அளவுகோல் வாக்கியமே வேண்டாம். ரசீதில் ஆர்டர் கொடுத்த நேரம் அச்சாகிறது. பொட்டலம் கையில் கொடுக்கும்போது ஒருவர் நேரம் குறித்துக்கொண்டால் காத்திருந்த நிமிடம் அப்படியே கிடைக்கும். கடிகாரம் அளக்கக்கூடியதை மனசிடம் கேட்காதீர்கள். காத்திருந்தது எரிச்சலாக இருந்ததா என்பதை மட்டும் மனசிடம் கேளுங்கள்.

ஏற்புடைமை என்பது நீங்கள் அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறீர்களா என்ற கேள்வி. ஆல்ஃபா இதற்குப் பதில் சொல்லாது. தினமும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் தராசும் தினமும் ஒரே மாதிரிதான் காட்டும். உங்கள் நிலையில் செய்யக்கூடியவை இரண்டு. படிவம் எழுதும் முன் ஏழெட்டு வாடிக்கையாளர்களிடமும் இரண்டு மூன்று ஊழியர்களிடமும் உட்கார்ந்து பேசி, திருப்தி என்றால் அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். உள்ளடக்கம் சரியாக இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். அடுத்து, உங்கள் கடையில் முத்திரை குத்தும் வாடிக்கையாளர் அட்டை இருக்கிறது. அதிகத் திருப்தி என்று சொன்னவர்கள் அடுத்த இரண்டு மாதத்தில் உண்மையிலேயே அதிகம் வந்தார்களா என்று பாருங்கள். வந்திருந்தால் உங்கள் அளவுகோல் வெளி உலகத்தோடு தொடர்பு வைத்திருக்கிறது. ஒரு சம்பந்தமும் இல்லை என்றால் கேள்விகளைத் திரும்ப எழுத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் 5 போட்ட கதைக்கு வருகிறேன். ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாமே முக்கியம்தான். சுத்தம் முக்கியமில்லை என்று யார் சொல்வார்கள்? விலை முக்கியமில்லை என்று யார் சொல்வார்கள்? ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்ற நிலையில் வைத்துக் கேட்க வேண்டும். இவற்றை ஒப்பீட்டு அளவுகோல்கள் என்போம். இரண்டிரண்டாகக் காட்டி "இதில் எது?" என்று கேட்பது ஒரு வழி. லூயி தர்ஸ்டன் என்ற உளவியலாளர் 1927லேயே இப்படி வரும் பதில்களிலிருந்து அளவுகோல் கட்டும் முறையைக் கொடுத்தார். ஐந்து அம்சம் என்றால் பத்து இணை, சமாளிக்கலாம். பத்து அம்சம் என்றால் 45 இணை, யாரும் உட்கார மாட்டார்கள். உங்களுக்கு நான் சொல்வது நிலைத்த கூட்டுத்தொகை முறை. "உங்களிடம் 10 வெள்ளி இருக்கிறது. இந்தக் கடையை மேம்படுத்த அதை இந்த ஐந்துக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பீர்கள்?" வழக்கமாக 100 புள்ளி கொடுப்பார்கள், ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் 100ஐப் பிரிக்கச் சொன்னால் கூட்டல் தப்பும். 10 வெள்ளி என்றால் வயதானவர்களும் யோசிக்காமல் பிரித்துவிடுகிறார்கள். மொத்தம் 10 வருகிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து புள்ளியா ஏழு புள்ளியா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், இரண்டும் சரி. ஒவ்வொரு புள்ளிக்கும் வார்த்தை எழுதுங்கள், இரு ஓரத்துக்கு மட்டும் எழுதி நடுவை வெறும் எண்ணாக விடாதீர்கள். நடுப்புள்ளி இருக்கட்டும். உண்மையாகவே இரண்டும்கெட்டான் நிலையில் இருப்பவரை ஒரு பக்கம் தள்ளுவதில் லாபமில்லை. ஆனால் "இந்த முறை கவனிக்கவில்லை" என்று ஒரு தனிக் கட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் தெரியாதவர்களும் 3இல் போய்ச் சேர்வார்கள். சாங்கி விமான நிலையக் கழிவறையில், கருத்துச் சொல்லத் தட்டும் சிரித்த, வாடிய முகப்படங்கள் நல்ல யோசனைதான், எந்த மொழிக்காரருக்கும் புரியும். ஒரு இடத்தில் திடீரென்று ஏதோ கோளாறு என்று உடனே தெரிந்துகொள்ள அவை போதும், காரணம் சொல்லா. படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுக்கிறீர்கள் என்றால், தமிழ்ப் படிவத்தை வேறொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். உட்லண்ட்ஸ் கடைக்குச் சீன, மலாய் வாடிக்கையாளர்களும் நிறைய வருவார்கள், எந்த மொழியில் நிரப்பினார் என்பதற்கும் ஒரு பத்தி வையுங்கள்.

பரிந்துரைப்பு மதிப்பெண் பற்றி அப்பா கேட்பதாகக் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். 2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதியதிலிருந்து பரவியது அது. நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை கேட்டு, 9, 10 போட்டவர்களின் விழுக்காட்டிலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் விழுக்காட்டைக் கழிப்பது. பெரிய நிறுவனம் மாதாமாதம் பல்லாயிரம் பேரைக் கேட்டு, போக்கைப் பார்க்கப் பயன்படும். 48 பேரிடம் கேட்டால் இரண்டு பேர் மனம் மாறினாலே எண் நாலு புள்ளி நகரும். அதோடு 0 போட்டவரும் 6 போட்டவரும் அதில் ஒன்றுதான். உட்லண்ட்ஸில் உங்களுக்குத் தெரிய வேண்டியதே அந்த வித்தியாசம்தான், அதனால் வேண்டாம்.

படிவத்தில் அதிர்ஷ்டக் குலுக்கலுக்காக அடையாள அட்டை எண் கேட்டிருக்கிறீர்கள். இதை இன்றே எடுத்துவிடுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்பட்டாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கக் கூடாது. குலுக்கல் வைத்தே ஆக வேண்டும் என்றால் கைப்பேசி எண்ணைத் தனிச் சீட்டில் வாங்கி, பதிலோடு சேராமல் வேறு பெட்டியில் போடச் சொல்லுங்கள். தன் எண் எழுதிய தாளில் யாரும் மனசில் பட்டதை எழுத மாட்டார்கள்.

வழிகாட்டிக்கு என்ன எழுதுவது? பழைய தரவைத் தூக்கிப்போட வேண்டாம். அதை முன்னோட்ட ஆய்வு என்று பெயர் மாற்றி, பரவல் அட்டவணையைக் கொடுத்து, இரு கடையிலும் சேகரித்த முறை வேறு என்பதால் ஒப்பிட முடியாது என்று நேராக எழுதுங்கள். பொட்டலம் வாங்குபவர், உட்கார்ந்து சாப்பிடுபவர் என்ற பிரிவை அடுத்த கட்டத்தின் ஆய்வுக் கேள்வியாக வையுங்கள். முதல் வரைவைவிட இது நல்ல ஆய்வாக வரும் என்று நம்புகிறேன், ஏனென்றால் உங்களிடம் இப்போது கேட்கத் தகுந்த ஒரு கேள்வி இருக்கிறது.

இரண்டாம் சுற்றில் இரு கடையிலும் ஒரே முறை, ஒரே கிழமைகள், ஒரே நேரங்கள். உறவினரோ கடை ஊழியரோ படிவம் கொடுக்க வேண்டாம், உங்கள் வகுப்பு நண்பர் ஒருவரை நிறுத்துங்கள். கதவைத் தாண்டும் ஒவ்வொரு ஐந்தாவது நபரிடமும் கேட்கட்டும், மறுத்தவர்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளட்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். லிட்டில் இந்தியா கடையில் அப்போது இருக்கும் கூட்டம் வேறு மாதத்தில் இருக்காது, அந்த வாரத்தை வைத்து இரண்டு கடையையும் ஒப்பிட்டால் இந்தத் தடவை லிட்டில் இந்தியா ஊழியர்களுக்கு அநியாயம் நடக்கும். அச்சடிக்கும் முன் புதிய படிவத்தை எட்டுப் பத்துப் பேரிடம் கொடுத்து, நிரப்பும்போது மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறதோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள். அப்புறம் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.